மறந்தவருக்கு மட்டுமே மறுதேர்வு

புது தில்லி: பதினெட்டு வயதில் "எட்டு" போட்டுக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறும் ஒருவர், உரிய காலத்தில் புதுப்பித்து வந்தால், வாழ்நாள் முழுவதும் மீண்டும் எந்த அதிகாரியின் முன்பும் வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. புதுப்பிக்க மறந்து, உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மட்டுமே மறுதேர்வு. அதாவது, சட்டம் சந்தேகப்படுவது மோசமாக ஓட்டுபவரை அல்ல, மறதிக்காரரை!

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு சொந்த வாகன உரிமம் 20 ஆண்டுகள் அல்லது 50 வயது, இவற்றில் எது முன்னதோ அதுவரை செல்லுபடியாகும். இப்போது 30 வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு 40 வயது வரையிலும், 30 முதல் 50 வயதுக்குள் பெறுபவருக்குப் பத்தாண்டுகளும் செல்லும். 55 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலவரம்பு மாறியதே தவிர, புதுப்பிக்கும்போது ஓட்டும் திறனைச் சோதிக்கும் ஏற்பாடு வரவில்லை. லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கோ மூன்றாண்டாக இருந்த காலவரம்பு ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்பது உண்மையே. சொந்த வாகனம் ஓட்டும் இளையவர்களுக்கு அதுவும் இல்லை. 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் பதிவு எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

நாட்டில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலான உயிரிழப்புகளுக்கு அதிவேகமே காரணம் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. மறுதேர்வை எதிர்ப்பவர்கள் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான். ஆய்வாளர் முன்னிலையில் எவரும் அதிவேகமாக ஓட்டப்போவதில்லை. தேர்வுத் தளத்தில் அடங்கி ஓட்டுபவர் நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டுவார் என்பதை அந்தப் பத்து நிமிடங்கள் காட்டிவிடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இடைத்தரகர்களுக்கு மேலும் ஒரு வருமான வழி திறக்கும் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆனால் மங்கிவரும் பார்வையையும், மறந்துபோன சாலை விதிகளையும் தேர்வில் கண்டறிய முடியும். அனைவருக்கும் ஒரே நேரத்தில் நடத்துவது இயலாது என்றால், பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கலாம். இதற்கு முன்னுதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் போன்ற அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் ஓட்டுநர்கள், உரிமத்தைப் புதுப்பிக்க ஒருநாள் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதித்தது. ஐம்பது பயணிகளுடன் இரவு முழுவதும் பேருந்து ஓட்டுபவருக்கு அந்த ஒருநாள் பயிற்சியைக்கூட அது கட்டாயமாக்கவில்லை.