மீதி மருந்தை ஏன் வைத்திருப்பதில்லை?



சென்ற மாதம் ஒரு சபையின் பெண்கள் ஐக்கியத்தார் நமது மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்று தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக்கு நான்கு குழந்தைகளே வந்தார்கள். பத்துப் பேருக்கான குப்பியைத் திறந்த செவிலியர், நேரம் முடிந்ததும் மீதியை அகற்றிவிட்டார். அதைக் கண்ட ஓர் அம்மாள், "ஐயா, ஏழை விதவையின் காசும் சேர்ந்து நடக்கிற ஊழியமல்லவா? குளிர்பெட்டியில் வைத்து நாளைக்குப் போடக்கூடாதா?" என்று வருத்தத்தோடு கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நானும் அப்படியே நினைத்திருக்கிறேன். மருந்தாளுநரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆனாலும் உயிருள்ள வைரஸ். அது தன் வேலையைச் செய்ய அதன் புரதங்கள் கெடாமல் இருக்கவேண்டும். புரதம் என்பது மணிகள் கோத்த சரம் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருப்பது போன்றது. வடிவம் போனால் பயனும் போயிற்று. நீரில் இருக்கையில் அது ஓயாமல் நெளிந்தும் அதிர்ந்தும் கொண்டிருக்கும். உயிருக்கு இந்த அசைவு அவசியம். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டிய மருந்துக்கு அதுவே ஆபத்து. அசைந்து அசைந்து மடிப்பு குலைந்துவிடும்.

உறையவைத்தால் போதாதா? போதாது. நீர் பனிக்கட்டியாகப் பிரியும்போது, மிஞ்சிய உப்பும் புரதமும் இடுக்கில் நெருக்கப்படுகின்றன. உலர்த்தினாலோ, புரதத்தைச் சூழ்ந்து தாங்கிய நீர் போய்விடுகிறது. இரண்டிலும் வடிவம் கெடக்கூடும். இங்கேதான் சர்க்கரை உதவிக்கு வருகிறது.

கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பதமாகக் காய்ச்சிய பாகு ஆறும்போது, கல்கண்டைப்போல் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. கடலை இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சுக்ரோஸ், ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளும் அப்படியே. மருந்தைக் குளிரில் உலர்த்தும்போது, நீர் பற்றியிருந்த இடங்களை அவை பற்றிக்கொண்டு, புரதத்தைச் சுற்றிக் கண்ணாடியாகின்றன. புரதத்தின் பெரிய அசைவுகள் அடங்கிவிடுகின்றன. ஆப்ப மாவில் போடும் உலர்ந்த ஈஸ்ட், நீர் பட்டதும் உயிர்பெறுவதற்கு அதனுள் இருக்கும் ட்ரெஹலோஸும் ஒரு காரணம். மனிதன் கண்டுபிடிக்குமுன்பே சிருஷ்டிகர் இந்த ஞானத்தை அற்பமான ஈஸ்டுக்குள் வைத்திருந்தார்! தட்டம்மை மருந்துகள் பலவற்றில் சர்க்கரை இனத்தைச் சேர்ந்த சார்பிட்டாலும் ஜெலட்டினும் இந்தக் காவல் வேலையைச் செய்கின்றன.

ஆனால் கண்ணாடிக்குள்ளும் நுண்ணிய அதிர்வுகள் நிற்பதில்லை. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிற அதிர்வுகள் அவை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வியப்பானது. ட்ரெஹலோஸ் கண்ணாடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு கிளிசரின் சேர்த்தபோது, கண்ணாடி சற்று இளகியது. ஆயினும் நுண்ணிய அதிர்வுகள் குறைந்து, அதனுள் இருந்த புரதங்கள் அதிக நாள் நிலைத்தன. மிகக் கடினமாயிருப்பதே சிறந்த காவலல்ல. நெருக்கமாய் அணைத்துக்கொள்வதே சிறந்த காவல்.

குளிரும் இந்த அதிர்வுகளைத் தணிக்கிறது. ஆகவேதான் சர்க்கரைக் காவல் இருந்தும், குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கிறோம்.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். தூளில் நீரைக் கலந்ததும் கண்ணாடி கரைந்துவிடுகிறது, அசைவு திரும்பிவிடுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்திலேயே தட்டம்மை மருந்தின் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். 37 டிகிரியில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். குளிரில் வைத்தால் இந்த இழப்பு மெதுவாகும். ஆனால் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து அதில் சேர்க்கப்படுவதில்லை. எனவே, கலந்த மருந்தைக் குளிரில் வைத்தே பயன்படுத்தி, நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடவேண்டும் என்பது நம் நாட்டு விதி. மறுநாள் போட்டால் ஒரு குழந்தைக்கு வீரியம் குறைந்த ஊசியைப் போட்டவர்களாவோம், கிருமியையும் ஏற்றிவிடக்கூடும்.

அப்படியானால் பத்துப் பேர் சேரும்வரை காத்திருக்கலாமே? வேலையை விட்டு, பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்த தாயைத் திருப்பி அனுப்பினால், அவள் மறுபடி வருவாளென்று யார் சொல்லமுடியும்? ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கிறோம். காணாமற்போன ஒரு ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கணக்கு அது.

அன்பானவர்களே, தினமும் இருவேளை குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும் செவிலியருக்காக ஜெபியுங்கள். மின்சாரம் நின்ற இரவுகளில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலில் உங்கள் காணிக்கையும் இருக்கிறது. அது வீணாகவில்லை.

கர்த்தரின் பணியில் உங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்