லிப்டன் ஆசனத்தில் ஒரு காலைப்பொழுது

அப்புத்தளை காணச் செல்வோர் விடியுமுன் துயிலெழ வேண்டும். பத்து மணியானால் பெரும்பாலும் மூடுபனி முகட்டை விழுங்கிவிடும். பிறகு வழிகாட்டி வருணிப்பதைக் கேட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

எம் மாணவர் பன்னிருவருடன் சென்றபோது, தோட்டத்திலே பிறந்து வளர்ந்த இளைஞரொருவர் வழிகாட்டியாக வாய்த்தார். சர் தாமஸ் லிப்டன் 1890இல் கட்டுவித்த தம்பேதன்னைத் தொழிற்சாலையில், வாடிய கொழுந்து உருளையில் நசுங்கி, காற்றுப்பட்டுச் செம்புநிறமாகி, சூட்டில் கறுத்துத் தேயிலையாவதைக் கண்டோம். அங்கிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் வளைந்தேறினால் லிப்டன் ஆசனம். தம் தோட்டங்களை அவர் அமர்ந்து நோக்கிய இடமென்பர். இன்று அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது. மாணவர் அதனருகே படமெடுத்து மகிழ்ந்தனர்.

வழிகாட்டியோ வேறுபுறம் கைநீட்டினார். "அந்தப் பக்கம் கொஸ்லந்தை, ஐயா."

2014 ஒக்டோபர் 29 காலை, அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயமென முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம். எனினும் மக்கள் அங்கேயே குடியிருந்தனர். பள்ளி சென்றிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர். அவர்களுடைய வீடும் பெற்றோரும் தப்பவில்லை.

"இங்குள்ள லயங்கள்?" என்றான் ஒரு மாணவன்.

"பெருமழை இரவுகளில் எங்கள் அம்மா விளக்கணைப்பதில்லை, தம்பி."

பிற்பகல் அடிஷாம் சென்றோம். வில்லியர்ஸ் துரை 1931இல் எழுப்பிய கருங்கல் மாளிகை, இன்று பெனடிக்ற் துறவியர் மடம். துறவியர் விற்கும் ஜாம் வெகு சுவை. ஒரு போத்தலை வழிகாட்டியின் தாயாருக்கென மாணவர் வாங்கிக் கொடுத்தனர்.