மெட்டு ஒன்று, சுருதி வேறு



தருமபுரி மாவட்டத்தில் அரூரை விட்டு மலைப்பாதையில் ஏறினால் வருவது சித்தேரி. பணி ஓய்வு பெற்ற பின் நான் தங்கியிருப்பது அங்கேதான். மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஐயம் கேட்க வரும் மாணவர் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவன் கல்லூரியில் பயில்பவன், புல்லாங்குழல் ஊதுவான். சென்ற விடுமுறையில் அவன் இரண்டு கேள்விகளோடு வந்தான். அவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவன் தன் அலைபேசியில் ஓர் இசைப்பதிவை எடுத்து வந்திருந்தான். அயர்லாந்து நாட்டுப் பிடில்காரர்கள் வாசித்த நடன மெட்டு அது. "ஐயா, இதை எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. குழலில் வாசித்துப் பார்க்கலாம் என்றால் சுருதியும் சேரவில்லை. என்னுடையது ஐந்து கட்டைக் குழல். இந்தப் பதிவோ அதற்கு மேலே நிற்கிறது. என் காது கெட்டுவிட்டதா, குழல் கெட்டுவிட்டதா?" என்று வினவினான்.

இரண்டும் கெடவில்லை என்றேன். முதற் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. அம்மெட்டு ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்திற்குத் தாவுகிறது, திரும்புகிறது, மீண்டும் தாவுகிறது. பிறகு அதே தாவலை ஒரு படி கீழே இறங்கி, நிஷாதத்திற்கும் ரிஷபத்திற்கும் இடையே செய்து காட்டுகிறது. "முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாக்ஷி' உனக்கு நினைவில்லையா?" என்று கேட்டு, முதலடியைச் சுரமாகப் பாடிக் காட்டினேன். பையன் வியந்து போனான். அயர்லாந்துக்காரர் தீட்சிதர் பாட்டை எப்படிக் கற்றனர் என்பது அவனுடைய அடுத்த வினா! நடந்தது அதற்கு நேர்மாறு.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1775 முதல் 1835 வரை வாழ்ந்தவர். அவர் இளமையில் சில ஆண்டுகள் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அக்குடும்பத்தாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. ஆகவே செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்திய இசை தீட்சிதர் சகோதரர்களின் செவிக்கு எட்டியது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கேதான் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். நம் கச்சேரி மேடைக்குப் பிடில் வந்து சேர்ந்த வழிகளுள் இது தலையாயது. தமையனார் அம்மேனாட்டு மெட்டுகளுக்குப் பெரும்பாலும் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவற்றை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்பர். நாற்பதளவில் இன்று அவை நமக்குக் கிடைத்துள்ளன. எல்லாம் சங்கராபரணச் சுரங்களிலேயே நடப்பவை. கமகமின்றி நேராக ஒலிப்பவை. 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி'யின் மெட்டோ அயர்லாந்தில் கார்க் வட்டாரத்து மாலோ என்னும் ஊரின் பெயர் தாங்கியது: 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோவின் ஊதாரி இளைஞர்கள் என்பது இத்தலைப்பின் பொருள்! குடித்துக் களித்துத் திரிந்தவர்களைப் பற்றிய மெட்டில் மதுரை மீனாட்சியம்மையை எழுந்தருளச் செய்த தீட்சிதரின் துணிவை எண்ணி நான் பலமுறை புன்னகை பூத்ததுண்டு. மெட்டுக்குச் சாதி சமயம் ஏது?

இனி, மொழியும் வாத்தியமும் நாடும் மாறிய பிறகும் ஒரு மெட்டை இன்னதென்று அறிவது எங்ஙனம்? முதலில் அதன் ஆதார ஷட்ஜத்தைக் கண்டுகொள்ள வேண்டும். பெரும்பாலும் மெட்டு முடிந்து இளைப்பாறும் சுரமே அது. அடுத்து, அலங்காரங்களை உதிர்த்துவிட்டு, தாளத்தின் தட்டு விழும் இடங்களில் நிற்கும் சுரங்களை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே மெட்டை ஐந்து பிடில்காரர் ஐந்து விதமாக இழைப்பர். ஆயினும் தட்டு விழும் இடத்துச் சுரங்கள் அத்தனை எளிதில் மாறா. பெயரை நம்பிப் பயனில்லை. அயர்லாந்தில் ஒரு மெட்டுக்கே ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஒரே பெயரில் பல மெட்டுகளும் உண்டு. சிகாகோ நகரின் காவல்துறைத் தலைவராய் இருந்த பிரான்சிஸ் ஓநீல் என்னும் அயர்லாந்துக்காரர் 1903இல் 1850 மெட்டுகளைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். திருடரைப் பிடிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர் மெட்டுகளையும் துரத்திப் பிடித்தார் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்வாறு எழுதிய சுரங்களை ஒப்பிடும்போது நாம் பார்ப்பது ஒரு சுரத்திற்கும் மற்றொன்றிற்கும் உள்ள தொலைவையே; அது எந்த உயரத்தில் ஒலிக்கிறது என்பதையன்று. ஒரே படிக்கட்டைத் தரையிலிருந்து தொடங்கினாலும் திண்ணையிலிருந்து தொடங்கினாலும் படிகளின் அளவு மாறுவதில்லை. இதனை நான் வாழ்க்கையில் காலந்தாழ்த்தித்தான் உணர்ந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், ஒரு பள்ளியில் ஆண்டுவிழாப் பாட்டுக்கு மாணவியரைப் பழக்கினேன். பள்ளி ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு, "இதில் பாடு" என்றேன். ஒரு சிறுமி மட்டும் ஒவ்வொரு முறையும் தன் குரலுக்கு இயைந்த உயரத்திற்கு ஏறிவிடுவாள். "உனக்குச் சுருதியே இல்லை" என்று பிறர் முன்னிலையில் சொல்லி, அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன். விழா முடிந்த மறுநாள், வேப்பமரத்தடியில் அவள் தனியே அப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒரு சுரமும் பிசகவில்லை. பிழை நான் கொடுத்த கட்டையில் இருந்தது, அவளிடம் இல்லை. என்னைக் கண்டதும் அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். அதன்பின் அவள் பாடி நான் கேட்டதில்லை.

கட்டை என்கிறோமே, அதுவே ஆர்மோனியம் தந்த சொல்தான். மேனாட்டார் 'சி' என்னும் சுரத்தை நாம் ஒரு கட்டை என்கிறோம். 'டி' இரண்டு கட்டை. 'ஜி' ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை எனப் பெயர் பெறும். இந்த அளவுகோலும் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று. பிரான்சு நாடு 1859இல் 'ஏ' என்னும் சுரத்திற்கு விநாடிக்கு 435 அதிர்வுகள் என்று சட்டம் செய்தது. இங்கிலாந்திலோ அதே நூற்றாண்டில் அது 452ஐத் தொட்டது. பிரித்தானியப் படையின் பாண்டுகள் 1920களின் இறுதி வரை அவ்வுயர்ந்த சுருதியை விடவில்லை. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று வரையறுத்தது. இன்று உலகில் பொதுவாக வழங்குவது அதுவே. 452க்கும் 440க்கும் உள்ள வேறுபாடு கால் கட்டைக்குச் சற்றே குறைவு. ஆனால் பழகிய செவி அதனை உடனே கண்டுகொள்ளும்.

மாணவனின் பதிவுக்கு வருவோம். அவனுடைய அலைபேசியிலேயே சுருதி காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதன் முள் ஐந்தரைக் கட்டையில் துல்லியமாக நின்றது. அரைக் கட்டை பிசகாமல் ஏறியிருந்தால், வாசித்தவர்கள் மனமறிந்தே ஏற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முள் இரண்டுக்கும் நடுவே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். பழைய இசைத்தட்டாயின் சுழலும் வேகத்தை ஐயுற வேண்டும்: நிமிடத்திற்கு 78 சுற்று சுழல வேண்டிய தட்டு ஏறக்குறைய 83 சுற்று சுழன்றால், பாட்டு முழுவதும் அரைக் கட்டை ஏறிவிடும். இவன் கொணர்ந்ததோ அண்மைக் காலப் பதிவு. அயர்லாந்துப் பிடில்காரருள் சிலர் நான்கு கம்பிகளையும் அரைக் கட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு வாசிப்பர். கம்பி இறுகும்போது ஒலி பளிச்சென்று எழும்; கூட்டமும் ஆட்டமும் நிறைந்த கூடத்தில் அது தனித்துக் கேட்கும். விரல்களோ பழகிய இடத்திலேயே விழும்.

நம் நாட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு புரட்சியே நடந்தது. பண்டை நாகசுரம் திமிரி எனப்படும்; குட்டையானது, உயர்ந்த சுருதியுடையது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஆழ்ந்த, தாழ்ந்த சுருதியை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காக நீண்ட குழலுடைய பாரி நாகசுரத்தை வடித்தார். இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும் அதுவே இன்று எங்கும் வழங்குகிறது. தோடியும் காம்போதியும் திமிரியிலும் அவையேதாம், பாரியிலும் அவையேதாம். குழல் நீண்டதனால் இராகம் நீண்டதே தவிர மாறவில்லை!

அன்று மாலை நான் ஒரு தவறு செய்தேன். என் பழைய பிடிலை எடுத்து, பதிவோடு சேர்த்துக் காட்டுகிறேன் என்று கம்பிகளை அரைக் கட்டை ஏற்றத் தொடங்கினேன். அரைக் கட்டை ஏறினால் அதிர்வு நூற்றுக்கு ஆறு பங்கு கூடும். ஆனால் அதற்காகக் கம்பியின் இழுவிசை நூற்றுக்கு பன்னிரண்டு பங்கு கூட வேண்டும். அதிர்வு இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பௌதிக நூலில் நீங்கள் படித்ததுதான். வகுப்பில் நானே பலமுறை கரும்பலகையில் எழுதிய சூத்திரம். நான்காம் கம்பியின் பிரடையைத் திருப்பும்போது அது பட்டென்று அறுந்து என் புறங்கையைக் கீறிற்று. பழங்கம்பியை ஏற்றுவோர் முகத்தை விலக்கிக்கொண்டு, சிறிது சிறிதாக ஏற்றுதல் வேண்டும். குதிரை சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

புல்லாங்குழலுக்குப் பிரடை இல்லை. அதன் துளைகள் அமைந்தது அமைந்ததே. உதட்டைச் சாய்த்து ஊதினால் சிறிதளவே ஏற்றலாம், இறக்கலாம். ஆகவே குழலைப் பதிவுக்கு இழுக்க முயலாமல், பதிவைக் குழலுக்கு இறக்கினோம். அலைபேசியில் வேகத்தை மாற்றாமலே சுருதியை அரைக் கட்டை தாழ்த்த வழி இருக்கிறதாம். பையன் செய்து காட்டினான். எஞ்சிய மூன்று கம்பிகளையும் பழைய நிலைக்கே இறக்கினேன். 'வந்தே மீனாக்ஷி'யும் மாலோவின் ஊதாரிகளும் ஐந்து கட்டையில் ஒன்றாக ஒலித்தனர்.

மறுநாள் விடியற்காலையில் பையன் மீண்டும் வந்து, "ஐயா, நேற்றுச் சேர்ந்தது இன்று சேரவில்லை, குழல் சற்றே கீழே நிற்கிறது" என்றான். மலையில் பனி இறங்கியிருந்தது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும். குழலின் சுருதியும் தாழும். பனிக்காலத்தில் எங்களூரில் தோற்கருவிகளை நெருப்பருகே காய்ச்சிய பிறகே தட்டுவர். ஈரத்தில் தளர்ந்த தோல் அப்போதுதான் விறைப்பு ஏறும். குழலை நெருப்பில் காட்ட வேண்டியதில்லை. வாசிப்பதற்கு முன் மெல்ல ஊதி, மூச்சின் வெம்மையால் சூடேற்றினால் போதும் என்றேன். அவன் திண்ணையில் அமர்ந்து, ஒலி எழாமல் சிறிது நேரம் ஊதிக்கொண்டிருந்தான். பிறகு ஷட்ஜத்தைப் பிடித்தான். முள் ஏறி ஐந்து கட்டையில் வந்து நின்றது.