சமுதாயக் கல்லூரி: நம் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?



பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த கையோடு நம்ம ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பொட்டப்பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன படிப்பு? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வாசலுக்கே வருதே, ஏத்தி விடுங்க" என்பார்கள். மார்க் குறைந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி நின்றுபோன பிள்ளைகளுக்கும், படிப்பை விட்டுப் பல வருடம் ஆன நமக்கும் உள்ள ஒரு வழிதான் சமுதாயக் கல்லூரி. கம்யூனிட்டி காலேஜ் என்றும் சொல்வார்கள்.

எங்கிருந்து வந்தது?

1901-ல் அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வந்து, குறைந்த செலவில் இரண்டு வருடம் படிப்பார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம். இன்று அங்குள்ள பல சமுதாயக் கல்லூரிகளில், நன்றாகப் படிக்கிறவர்களுக்கு 'ஹானர்ஸ்' என்று தனிப் பிரிவே உண்டு. சின்ன வகுப்பு, கூடுதல் பாடம், ஆசிரியரின் தனிக் கவனிப்பு கிடைக்கும். செலவு குறைந்த கல்லூரி என்றால் மட்டமான கல்லூரி என்று அர்த்தமில்லை.

நம் பக்கம் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னையில் ஒரு கல்லூரியும் தொடங்கி வைத்தன. 2002-ல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது.

என்ன படிப்பு?

பெரும்பாலும் ஒரு வருடத் தொழில் டிப்ளமோ. தையல், கம்ப்யூட்டர், நோயாளி பராமரிப்பு போன்றவை. கைத்தொழிலோடு, நாலு பேர் முன் பேசவும் கணக்கு எழுதவும் பழக்குவார்கள். கடைசியில் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி.

மேலே படிக்க முடியுமா?

இதில்தான் ஏமாறக் கூடாது. 'டிப்ளமோ' என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரே இரண்டாம் வருடம் சேரலாம். பி.வோக். படிப்பில் முதல் வருடத்தில் டிப்ளமோ, இரண்டில் உயர் டிப்ளமோ, மூன்றில் பட்டம். ஆனால் ஒரு வருடத் தொழில் டிப்ளமோ பாலிடெக்னிக் படிப்புக்குச் சமம் ஆகாது. பட்டம் கேட்கும் அரசு வேலைக்குப் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்று வரிசையாக முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு முடிக்காத பிள்ளை அதையும் தனியாக எழுதி முடிப்பது நல்லது.

சேரும் முன் கேளுங்கள்:

1. சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம்? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.
2. நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்?
3. தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ரசீது உண்டா?
4. போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரையாவது பார்த்துப் பேசுங்கள்.
5. அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. ஆகவே நாம் சேரும் படிப்பு அதில் வருமா என்று கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கரிசக்காட்டில் உளுந்தும் பாசியும் விற்று நம் கையில் காசு வருவது தை, மாசியில். கல்லூரிக் கட்டணம் கேட்பது ஆனியில். அதற்குள் காசு கரைந்துவிடும், பிறகு கந்துவட்டிதான். மகசூல் பணத்தில் ஒரு பங்கைப் 'படிப்புச் சேமிப்பு' என்று குழுவில் தனியே போட்டுவைப்போம். குறைவதற்கு உள்கடன் கொடுப்போம்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் படிப்பு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள்.