பாதி விலைப் புடவையும் முழு விலை நெசவும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் இரண்டு காற்றுகள் வீசத் தொடங்குகின்றன. ஒன்று, அம்மியையும் பறக்க வைக்கும் ஆடிக் காற்று. மற்றொன்று, பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பணத்தைப் பறக்க வைக்கும் ஆடித் தள்ளுபடிக் காற்று. முதல் காற்றுக்கு ஜன்னலைச் சாத்தி வைக்கலாம். இரண்டாவதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. அது பத்திரிகை வழியாக வரும்; பையில் இருக்கும் கைப்பேசி வழியாகவும் வரும்.

பாதிரி மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட பாடலீசுவரர் குடியிருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் இந்தக் காற்று பலமாகவே வீசும். லாரன்ஸ் ரோட்டின் ஜவுளிக் கடைகளுக்கு அந்த மாதத்தில் போய்ப் பார்த்தால், கோயில் திருவிழாக் கூட்டம் வழி தவறி இங்கே வந்துவிட்டதோ என்று தோன்றும். நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கும். குடும்பத் தலைவி முன்னால் நடப்பார். பைகளைச் சுமப்பதற்கென்றே பிறந்த குடும்பத் தலைவர் பின்னால் வருவார்.

இந்தக் கூட்டத்தைப் பரிகசிப்பது நமது நோக்கமல்ல. நல்ல துணியை நயமான விலைக்கு வாங்க வேண்டும் என்று விரும்புவது குற்றமாகாது. மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் வீட்டுக்கு அது கடமை என்றே சொல்ல வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன பெரியோர்கள், அழகான துணியை மலிவாக வாங்கிக் கட்டுவதற்கு ஆட்சேபம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மலிவு என்று நினைத்து வாங்குவது வேறு; மலிவாக வாங்குவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே சிறிது விசாரிக்க விரும்புகிறோம்.

தள்ளுபடி ஏன் வருகிறது?

ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் செய்வதில்லை. கல்யாணம் இல்லையென்றால் முகூர்த்தப் புடவை இல்லை. சம்பந்திக்கு வேட்டி இல்லை. ஜவுளிக் கடைக்காரர் பாடு கஷ்டந்தான். அடுத்து வருவது ஆவணி முகூர்த்தங்களும் ஐப்பசித் தீபாவளியும். அதற்கான புதுச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கு அலமாரியைக் காலி செய்தாக வேண்டும். தேங்கிய சரக்கு தேங்கிய முதல் அல்லவா? அதற்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, லாபத்தைக் குறைத்துக்கொண்டாவது சரக்கைத் தள்ளிவிட வியாபாரி விரும்புகிறார். இது நேர்மையான தள்ளுபடி. இதில் வியாபாரிக்கும் நன்மை, வாங்குகிறவருக்கும் நன்மை.

நேர்மை குறைந்த தள்ளுபடியும் உண்டு. ஆனி மாதத்தில் எண்ணூறு ரூபாய்க்குத் தொங்கிய புடவை, ஆடியில் ஆயிரத்து அறுநூறு ரூபாய்ச் சீட்டை ஒட்டிக்கொண்டு, 'பாதி விலை' என்று புன்னகை செய்யும். தள்ளுபடிக்கென்றே மட்ட ரகமாகத் தயாரித்து இறக்கும் சரக்கும் உண்டு. அதன் நிஜ விலையே அந்தப் பாதி விலைதான். ஆகையால் எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று கேட்பதைக் காட்டிலும், குறைத்த பிறகு என்ன விலை, அந்த விலைக்கு இந்தத் துணி பெறுமா என்று கேட்பதே விவேகம்.

இன்னும் சில கணக்குகளைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது. '50 சதவீதத்துக்கு மேல் இன்னும் 20 சதவீதம்' என்றால் 70 சதவீதம் தள்ளுபடி என்று மனம் கூட்டிவிடுகிறது. உண்மையில் 1,000 ரூபாய்ச் சரக்கு முதலில் 500 ஆகி, அந்த 500-இல் 20 சதவீதமான நூறு ரூபாய் கழிந்து 400-இல் நிற்கும். மொத்தத் தள்ளுபடி 60 சதவீதந்தான். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றும் ஒரே விலையானால் ஏறக்குறைய 33 சதவீதம். விலைகள் வேறுபட்டால் இலவசமாக வருவது பெரும்பாலும் மூன்றில் மலிவானது. அப்போது தள்ளுபடி இன்னும் குறைவு. அதோடு, ஒரு சட்டை வேண்டியிருந்தவர் மூன்று சட்டைகளோடு வீடு திரும்புகிறார். மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவழிக்கும் இந்த வித்தையை நம்மில் பலர் வெகு சுலபமாகக் கற்றிருக்கிறோம்.

சங்கத்துக் கடையின் தள்ளுபடி

இவற்றுக்கெல்லாம் அப்பால் வேறு ஒரு வகைத் தள்ளுபடி நம் நாட்டில் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1935-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. இன்று தமிழ்நாடெங்கும், கடலூரிலும், கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் வண்ணத்துப்பூச்சி முத்திரையோடு விளங்குவது அதுவே. ஊர் ஊராக நெசவாளர்கள் அங்கத்தினராகச் சேர்ந்த தொடக்கச் சங்கங்கள் நூலை வாங்கிக் கொடுக்கும். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து துணியைச் சங்கத்தில் சேர்த்துக் கூலி பெறுவார். சேர்ந்த துணியைத் தலைமைச் சங்கம் வாங்கி விற்கும். நூலைக் கடனுக்குக் கொடுத்துத் துணியை அடிமாட்டு விலைக்குப் பறிக்கும் இடைத் தரகரின் கையிலிருந்து நெசவாளரை விடுவிப்பதே ஏற்பாட்டின் கருத்து.

இந்தக் கடையில் தீபாவளிக்கு வழக்கமாக அறிவிக்கும் சிறப்புத் தள்ளுபடி 30 சதவீதம். 1,000 ரூபாய்ப் புடவை 700 ரூபாய்க்குக் கிடைக்கும்.  தள்ளுபடிச் சுமையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அதாவது, நமது மலிவு நெசவாளரின் கூலியிலிருந்து கிள்ளியது அல்ல. அதில் ஒரு பங்கு பொதுப் பணத்திலிருந்து வந்தது.

இந்த முறையின் வேர் சுதந்திரம் பெற்ற ஆரம்ப வருஷங்களில் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மில் துணிக்குக் கெஜம் ஒன்றுக்கு மூன்று பை வீதம் வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடுவது என்று ஏற்பாடு. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது. வாங்குகிறவர் கையை அந்த வரி சுடவில்லை. ஆனால் தேசம் முழுவதும் சேர்ந்தபோது பெருந்தொகையாயிற்று. கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் அவ்விதம் வேரூன்றியது. பிறகு 1985-இல், புடவை, வேட்டி முதலிய சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி வேறொரு சட்டமும் வந்தது.

கதரையும் கைத்தறியையும் ஒன்றென்று எண்ணுகிறவர்கள் பலர். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்வது கதர். மில்லில் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்வது கைத்தறித் துணி. காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதர்க் கடைகளில் கிடைப்பது முதலாவதற்கான தள்ளுபடி. கோ-ஆப்டெக்ஸில் கிடைப்பது இரண்டாவதற்கு. இரண்டும் சற்றேறக்குறைய ஒரே காலத்தில் வருவதால், ஒரே பிரயாணத்தில் இரண்டு கடைகளையும் பார்த்துவிடலாம்.

கடலூருக்கு இது புதிதல்ல

துணியை மலிவாக வாங்கும் ஆசையால் கடலூருக்கு வந்தவர்களில் நாம் முதல் ஆசாமிகள் அல்ல. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து இங்கிலீஷ்க் கம்பெனியார் விலைக்கு வாங்கி, செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களை இழுத்த சரக்குகளில் முதன்மையானது நமது நெசவாளர் நெய்த பருத்தித் துணி. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, இந்தக் கோட்டையே இங்கிலீஷ்காரருக்குத் தலைமை ஸ்தானமாயிற்று; 1752 வரை அப்படியே இருந்தது. தெற்கே பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரரும் இதே துணி வியாபாரத்துக்காகக் கடை விரித்தார்கள்.

வியாபாரிகள் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, துணியைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றினார்கள். நூறு வருஷம் கழிவதற்குள் கதை தலைகீழாயிற்று. இங்கிலாந்தின் ஆலைத் துணி இங்கே வந்து இறங்கியது. உலகத்தை உடுத்திய ஊர்களில் தறிகள் ஓய்ந்தன. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக நாம் அந்நியத் துணியை வாங்கியதன் விலையை நமது கிராமங்கள் கொடுத்தன. 1905 ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிரகடனமானதும், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியதும் இந்தக் கதையின் பின்பகுதி. அந்த ஆகஸ்டு 7-ஆம் தேதியே 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அழகுக்குக் குறைவா?

"எல்லாம் சரிதான். ஆனால் சங்கத்துக் கடையில் அழகான துணி கிடைக்குமா? பாட்டிமார் கட்டும் புடவைதானே இருக்கும்?" என்று காலேஜில் படிக்கும் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேசபக்தியை மட்டும் நம்பி ஒரு புடவையை விற்க முடியாது. அது கண்ணுக்குப் பிடிக்க வேண்டும்.

நாம் சொல்லக்கூடியது இதுதான்: அலமாரியின் முதல் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டிழையும் பருத்தியிழையும் கலந்த கோவை கோராப் புடவை, பட்டைப் போல் மினுங்கும், கோடையிலும் உறுத்தாது. செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பெரிய கட்டங்களும் அகலமான கரையும் இன்றைய இளம் பெண்களுக்கு வெகு எடுப்பாக இருக்கும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தை விட இலேசானது. விலையும் பொதுவாகக் குறைவு. வீட்டுக்கு வேண்டுமானால் பவானி ஜமக்காளம் இருக்கிறது. ஆண்மக்களுக்கோ வெகு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் குறிஞ்சிப்பாடி, கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். கடற்காற்றின் புழுக்கத்துக்கு அதை விடச் சுகமான உடை இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. துணி சுருங்காமல் இருப்பதற்காக நெசவாளர் ஒரு கோலை இரு விளிம்புகளிலும் ஊசி முனைகளால் குத்தி நிறுத்துவார். அந்தச் சிறு துளைகள் விளிம்பில் தென்பட்டால் அது கைத்தறியின் அடையாளங்களில் ஒன்று. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பட்டுக்குப் பட்டு முத்திரை தனியாக உண்டு. ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் சாயத்தின் குணம் தெரிந்துவிடும். கடை விளக்கின் கீழ் ஒரு நிறமும் வாசல் வெளிச்சத்தில் ஒரு நிறமும் தெரிவது சகஜமாகையால், எடுத்த புடவையை வாசலுக்குக் கொண்டு வந்து பார்க்கத் தயங்க வேண்டாம். கைலியும் வேட்டியும் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும். அளவை அதற்குத் தகுந்தபடி எடுக்க வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முந்திய வாரம் போனால் கூட்டந்தான் மிச்சம். நல்ல ரகங்கள் அதற்குள் பறந்துவிடும். புரட்டாசியில் தள்ளுபடி தொடங்கியதுமே போய்விடுவது உத்தமம். ஒரே சமயத்தில் பெருந்தொகை புரட்ட முடியாத குடும்பங்களுக்குக் கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவுத் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் சிறு தொகை கட்டிவர வேண்டும்; கடைசித் தவணைப் பாரத்தைச் சங்கமே ஏற்கும்; சேர்ந்த மொத்தத்துக்கும் தள்ளுபடியோடு துணி எடுத்துக்கொள்ளலாம். சீட்டுக் கட்டிப் பழகிய நமது குடும்பத் தலைவிகளுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மலிவின் மறுபக்கம்

கடைசியாக ஒரு கணக்கு. 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 43.31 லட்சம் பேர். 2019-20-இல் எடுத்த கணக்கில் அந்தத் தொகை 35.22 லட்சம். பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். விசைத்தறி ஒரு நாளில் நெய்து தள்ளுவதைக் கைத்தறி பல நாட்களில் நெய்கிறது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். தறியை விட்டு ஒரு முறை எழுந்தவர் மறுபடியும் அதில் வந்து உட்காருவது அபூர்வம்.

இதற்காக எல்லோரும் எப்போதும் கைத்தறியே வாங்க வேண்டும் என்று நாம் விதி செய்ய வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு மலிவான ஆயத்த உடை வேண்டியிருக்கிறது. தினசரி உழைப்புக்குச் சலவை தாங்கும் துணி வேண்டியிருக்கிறது. அவற்றை லாரன்ஸ் ரோட்டில் ஆடியிலேயே, கணக்குத் தெரிந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கலாம். ஆனால் வருஷத்தில் ஒரு தீபாவளிக்காவது, வீட்டில் ஒருவருக்காவது, ஒரு கைத்தறித் துணி எடுப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்தால், அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. தள்ளுபடி போக 700 ரூபாய் கொடுத்து, பல வருஷம் உழைக்கும் ஒரு புடவையைக் கொண்டு வருகிறோம். விற்ற புடவை இருந்த இடத்துக்கு இன்னொரு புடவை வேண்டும். அதற்காகக் குறிஞ்சிப்பாடியிலோ ஆரணியிலோ ஒரு தறிக்கு மறுநாளும் வேலை இருக்கும்.