அறுக்கப்பட்ட நாவும் அலறும் குரலும்

ஜப்பானியக் கலை என்றதும் மூன்றடி ஹைக்கூவும் தேநீர்ச் சடங்குமே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றன. அந்த அமைதிக்கு எதிர்ப்புறமாக, குருதியும் கூச்சலும் நிறைந்த இன்னொரு மரபும் அங்கு உண்டு. அதனை மங்கா எனப்படும் சித்திரக் கதைகளிலும் பங்க் இசையிலும் காணலாம்.

சித்திரக் கதை சிறுவருக்கே உரியது என்ற எண்ணத்தை மறுத்த தட்சுமி யொஷிஹிரோ, 1957இல் தமது படைப்புகளுக்கு 'கெகிகா' எனப் பெயரிட்டார். நாடகப் பண்புள்ள சித்திரம் என்று அதற்குப் பொருள் கூறலாம். 1964இல் தொடங்கப்பட்ட 'காரோ' என்ற மாத இதழ் இவ்வகைப் படைப்புகளுக்குக் களமாயிற்று.

அவ்விதழில் 1971 வரை தொடராக வெளிவந்தது ஷிராத்தோ சன்பெய்யின் 'கமுய் தென்'. இவரது தந்தை பாட்டாளி வர்க்கக் கலை இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர். பொலிஸாரின் சித்திரவதைக்கு உள்ளானவர். கதை நிகழ்வது நிலப்பிரபுத்துவ காலத்தில். நாயகன் கமுய், 'மனிதரல்லாதோர்' என்றே பெயரிடப்பட்ட தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவன். விவசாயிகளின் கிளர்ச்சி நசுக்கப்படுகிறது. தலைவர்களுள் ஒருவனான ஷோசுகே மட்டும் நா அறுக்கப்பட்டு உயிருடன் விடப்படுகிறான். அவனைத் துரோகி என எண்ணிச் சொந்த ஊராரே தாக்குகின்றனர். உண்மையைச் சொல்ல அவனிடம் நாக்கு இல்லை. வாள்வீச்சுகள் பலவற்றைத் தீட்டிய ஷிராத்தோ, வன்முறையின் உச்சத்தை இந்த மௌனத்திலேயே காட்டினார். அன்றைய பல்கலைக்கழக மாணவர் இக்கதையைத் தம் காலத்துக் கதையாகவே படித்தனர்.

அடுத்த தலைமுறை அலறியது. ஃபுகுஷிமாவில் பிறந்த எந்தோ மிச்சிரோ 1980இல் 'த ஸ்டாலின்' என்ற பங்க் குழுவை அமைத்தார். மேடையிலிருந்து பன்றித் தலைகளும் குடல்களும் சபையினர்மீது வீசப்பட்டன. இது வெறும் அருவருப்பா, கலையா? பொருளாதாரச் செழிப்பில் ஒழுங்காக உடுத்தி ஒழுங்காக வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, அது மூடிவைத்த சதையை எடுத்துக் காட்டிய செயல் என்றே அதனைக் கொள்ள வேண்டும். ஆயினும் அதிர்ச்சி விரைவில் பழகிப்போகும். பழகிய அதிர்ச்சி விற்பனைச் சரக்காகும். கலகக் கலையின் ஆபத்து அதுவே.

எந்தோ அங்கேயே நின்றுவிடவில்லை. 2011இல் அணு உலை விபத்து நேர்ந்தபின் வேறு கலைஞர்களுடன் சேர்ந்து, ஆகஸ்ட் 15இல் ஃபுகுஷிமாவில் விழா எடுத்தார். பல இடங்களிலிருந்து வந்த துணிகளை ஒன்றாய்த் தைத்து, கதிரியக்கத் தூசு படிந்த தரையில் விரித்து, அதன்மேல் மக்களை அமரச் செய்தனர். 2019இல் அவர் காலமானார். குடலை வீசிய கையே துணி விரிக்கவும் முன்வந்தது. கலகத்தின் வேர் வெறுப்பு அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.