மடக்குக் கத்தியின் சரிவு வடிவமும் வெட்டுந்திறனும்

மடக்குக் கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள் மடித்து வைக்கக்கூடிய சிறு கத்தி ஆகும். பேனாக்கத்தி, நாவிதரின் சவரக்கத்தி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அலகு, முதுகிலிருந்து வாய் வரை எவ்வாறு தேய்த்து மெலிக்கப்பட்டுள்ளது என்பதே அதன் சரிவு வடிவம். வாய் கூராக இருந்தாலும், அதற்கு மேலுள்ள பகுதி தடிமனாக இருந்தால் கத்தி எளிதில் இறங்காது.

ஆப்புத் தத்துவம்

கத்தி அடிப்படையில் ஓர் ஆப்பு. ஆப்பின் கோணம் குறையக் குறைய, வெட்டத் தேவைப்படும் விசையும் குறையும். 3 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. அகலமும் கொண்ட அலகு முதுகிலிருந்தே சீராக மெலிந்தால், இரு பக்கங்களுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 8.6 பாகை. அகலத்தின் பாதியிலிருந்து மட்டும் மெலிந்தால் அது ஏறத்தாழ 17 பாகையாகிவிடும்.

முக்கிய வடிவங்கள்

* சமச்சரிவு: பக்கங்கள் தட்டையானவை. காய், பழம், அட்டை எனப் பலவற்றிற்கும் ஏற்றது.
* குழிச்சரிவு: பக்கங்கள் உட்குழிந்தவை. வாயை ஒட்டிய பகுதி மிக மெல்லியது. சவரக்கத்தி இவ்வகை. ஆழமாக வெட்டும்போது குழிவு முடியுமிடத்தில் தடிமன் விரைந்து கூடுவதால் கத்தி சிக்கிக்கொள்ளும்.
* குவிச்சரிவு: பக்கங்கள் சற்றே புடைத்தவை. வாய்க்குப் பின்னால் வலுக் கூடுதல். மரம் செதுக்க ஏற்றது.
* ஒருபக்கச் சரிவு: உளியைப் போன்றது. வெட்டும்போது ஒரு பக்கமாக விலகிச் செல்லும்.

பின்னலாடைத் தொழிலில்

திருப்பூர் வீரபாண்டி போன்ற பின்னலாடைப் பகுதிகளில் இந்த வேறுபாட்டை நேரில் காணலாம். அடுக்கிய துணியை வெட்டும் நேர்க்கத்தி இயந்திரத்தின் அலகு மெல்லிய தகடு. வாயோரத்தில் மட்டும் சிறு சரிவு உண்டு. தடித்த ஆப்பாக இருந்தால் அது அடுக்குகளைத் தள்ளிவிடும். மேல் துண்டும் கீழ்த் துண்டும் அளவில் மாறிவிடும்.

அட்டைப்பெட்டி திறக்கும் மடக்குக் கத்திக்கும் இதே விதி பொருந்தும். தடித்த அலகு அட்டையில் சிக்கும். கை கூடுதலாக அழுத்தும். திடீரென வழுகினால் உள்ளே இருக்கும் ஆடையோ விரலோ வெட்டுப்படும். அலகைப் பூட்டும் அமைப்பு இல்லாத கத்தியில், முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் அலகு மடிந்து விரலைக் காயப்படுத்தக்கூடும்.

சாணை பிடித்தல்

சாணை பிடிக்கப் பிடிக்க வாய் முதுகை நோக்கி நகர்கிறது. மேலே கூறிய முதல் அலகில் வாய் 2 மி.மீ. தேய்ந்தால், வாயை ஒட்டிய தடிமன் 0.3 மி.மீ. கூடும், இரண்டாவதில் 0.6 மி.மீ. கூடும். பழைய கத்தி, கூர் தீட்டிய பிறகும் சரியாக வெட்டாததற்கு இது ஒரு காரணம். இதற்குத் தீர்வு, வாயை மட்டும் தீட்டாமல் பக்கங்களையும் மெலிப்பதே.

வேகமாகச் சுழலும் சாணைக்கல்லில் சூடேறி அலகின் ஓரம் நீலநிறமானால், சாதாரணக் கரிம எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய், கூர் விரைவில் மழுங்கும். ஆகவே அலகை அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்ட வேண்டும்.

வடிவத் தேர்வு

மிக மெல்லிய வாய் எளிதில் வெட்டும். ஆனால் எலும்பிலோ கம்பியிலோ பட்டால் பிசிறும். தடித்த வாய் தாங்கும். ஆனால் அதிக விசை கேட்கும். எனவே எந்தப் பொருளை, எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதைக் கொண்டே சரிவு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.